பத்து வாட், மார்கழிப் பனி, கடலூர்க் கரை

2025 ஜனவரி 10, வெள்ளி – தேவனாம்பட்டினம்

குளிர்காலத்தில் திறந்த வெளியில் ஹாம் வானொலி, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் சொந்த வானொலி நிலையம், இயக்குவது பற்றிப் படிக்கப் போனால், கிடைக்கும் அறிவுரையெல்லாம் உறைபனி நாடுகளிலிருந்துதான் வருகிறது. பேனா மை உறைந்துவிடும், யாரோடு பேசினோம் என்று குறிக்கும் லாக் எழுதப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கையுறையோடு மோர்ஸ் அடித்துப் பழகச் சொல்கிறார்கள். ஈய அமில பேட்டரி 0 டிகிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்மின்வாயில் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லையே கெடுத்துவிடும். ஆண்டெனாவையும் கருவியையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் உறை விறைத்துப்போய், மடக்கினால் விரிசல் விடும்.

அத்தனையும் உண்மை. அவற்றில் ஒன்றுகூடக் கடலூருக்குப் பொருந்தாது. இங்கே ஜனவரி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லா அணிந்துகொண்டு டீக்கடை அடுப்பைவிட்டு நகர மறுக்கிறது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கருவிகளுக்கும் இங்கே குளிர்காலம் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வங்காள விரிகுடா ஓரத்தில் மார்கழி என்றால் ஈரமும் உப்பும். அவற்றோடு நாலு நாள் மல்லுக்கட்டிப் பார்ப்போம் என்றுதான் போகி வரைக்கும் கடலூரில் தங்க வந்திருக்கிறோம்.

நாங்கள் என்பது நானும், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை அரசு நிறுத்தியபோது அவருக்குத் தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. "செத்தது அலுவலகம்தான், மோர்ஸ் இல்லை" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். பேச்சு முறையில் அவருக்கு மரியாதை கிடையாது. பொதுத்தர ஹாம் உரிமத்துக்கு இன்றைக்கும் மோர்ஸ் தேர்வு இருப்பதுதான் நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே நல்ல சட்டம் என்பது அவர் முடிவு.

இன்று வைகுண்ட ஏகாதசி. திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலுக்குப் போகிறவர்களாலும் திரும்புகிறவர்களாலும் பஸ் நிலையம் நிரம்பி வழிந்தது. எங்கள் கையிலிருந்த நீளமான மடக்குக் கம்பத்தைப் பார்த்து, ஏதோ கோயில் குடைக்கான தண்டு என்று நினைத்து ஒரு பாட்டி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் மறுக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் விடுதி. குளிரூட்டிய அறை அதே விலைக்குத் தருகிறேன் என்று வரவேற்பில் இருந்தவர் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்றோம். அவருக்கு விளங்கவில்லை. விஷயம் இதுதான். பனிநாட்டுக்காரர்கள் வெளியே குளிர்ந்துபோன ரேடியோவைக் கதகதப்பான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் அதன் உள்ளே நீர் முத்துக்கட்டும். அதனால் பையைத் திறக்காமல் வெகுநேரம் வைத்திருப்பார்கள். நம் ஊரில் நடப்பது தலைகீழ். குளிரூட்டிய அறையில் இரவு முழுக்கச் சில்லிட்ட கருவியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால், அங்கே காத்திருக்கும் ஈரக்காற்று அதன் பலகைகளில் அப்படியே வியர்க்கும். எனவே மின்விசிறி போதும்.

ஐந்து மணிக்கு சில்வர் பீச். கடற்கரை விளக்குகள் எரியத் தொடங்கியதும் ரிசீவரில் இரைச்சல், வலிமை காட்டும் எஸ் மீட்டரில், எஸ் ஏழு வரை ஏறியது. எல்.இ.டி. விளக்குகளின் மின்வழங்கிச் சுற்றுகளுக்கும் நமக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. விளக்கு வெளிச்சத்தை விட்டு வடக்கே நடந்தோம். நடக்க நடக்க முள் இறங்கியது. எஸ் இரண்டில் நின்ற இடத்தில் பையை இறக்கினோம்.

7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 40 மீட்டர் அலைநீளத்துக்கு, அரை அலை ஆண்டெனா. கம்பி மொத்தம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. நடுவைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் கொண்டுபோன கம்பம் வாடைக்காற்றில் வளைந்தது. வலை சீர்செய்துகொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டு, "அதை மடக்கி வையுங்கள் சார்" என்று ஒரு சவுக்குக் கழியை எடுத்துக்கொண்டு வந்தார். இந்த மாவட்டத்துக் கடலோரம் முழுக்கச் சவுக்குதான்; கழிக்கா பஞ்சம்? முளைக்குச்சியை மணலில் நேராக அடிக்கப் போன அண்ணனையும் அவர் விடவில்லை. முழநீளக் கட்டை ஒன்றின் நடுவில் கயிற்றைக் கட்டி, குழியில் படுக்கையாக வைத்து மண் தள்ளி மிதித்தார். பிடுங்கிப் பாருங்கள் என்றார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

சூரியன் ஆறு மணியளவில் மறைந்தது. பகல் முழுக்க 40 மீட்டர் அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அயனி மண்டலத்தின் டி அடுக்கு, சூரியன் போனதும் கரைந்துவிடும்; மேலே எஃப் அடுக்கு மட்டும் நிற்கும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம். முதலில் பெங்களூரும் கொச்சியும் சென்னையும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டன. ஒரு மணி நேரத்தில் அவை மங்கி, இந்தோனேசியக் குரல்கள் அலைவரிசையை நிறைத்தன. நான் பத்து வாட்டில் பேசினேன். அண்ணன் ஐந்து வாட்டில் தட்டினார். அவர்தான் அதிகத் தொடர்புகள் எடுத்தார் என்பதை எழுதச் சொல்லி என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். எழுதிவிட்டேன்.

இடையில் கடலைக் காட்டி ஒரு கதை சொன்னார். 1783 ஜூன் 20 அன்று இதே கடலில் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. கரையில் கடலூர் முற்றுகை வேறு நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் இரு நாடுகளும் முதற்கட்ட சமாதான உடன்படிக்கையில் அதே ஆண்டு ஜனவரி 20 அன்றே கையெழுத்திட்டுவிட்டன. சேதி கப்பலில் ஏறி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக இந்த மணலில் ஆட்கள் செத்தார்கள். "ஒரே ஒரு தந்தி, தம்பி. பத்து வார்த்தை போதும்" என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அந்த வாரம் அவருக்கு விடுப்பு கிடைத்திருந்தால் அனுப்பியிருப்பார் என்பது மாதிரி.

ஒன்பது மணிக்குப் பனி இறங்கியது. அனுப்பும் மின்திறன் ஆண்டெனாவில் ஏறாமல் திரும்புவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஒன்றை ஒட்டியிருந்தால் நல்லது) மாலையிலிருந்து 1.3 காட்டிக்கொண்டிருந்தது, 1.6 ஆனது, பிறகு 2.8. கம்பியில் எதுவும் அறுந்திருக்கவில்லை. கழியை இறக்கி நடு இணைப்பைக் கழற்றினால் உள்ளே சொட்டுச் சொட்டாக நீர். வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிவாக இருக்கும் இரவில், வெளியில் நிற்கும் எந்த உலோகமும் தன் வெப்பத்தை மேலே கதிராக விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கடற்கரைக் காற்றோ ஏற்கெனவே ஈரம் நிரம்பி நிற்கிறது. 22 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால், ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே பனித்துளி கட்டிவிடும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் திருகு இணைப்பி நீர் புகாத வகை அல்ல. ஒருமுறை உள்ளே போன நீரைக் கோஆக்ஸின் பின்னல் உறை திரி எண்ணெயை உறிஞ்சுவது மாதிரி நீளவாக்கில் இழுத்துக்கொள்ளும். இது வெறும் நீரும் அல்ல, உப்புக் காற்றில் ஊறிய நீர்.

துடைத்து, டீக்கடை அடுப்பருகே காட்டி உலர்த்தினோம். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி எறிந்து, மிச்சத்தை இணைப்புக்கு மேல் குடையாகக் கவிழ்த்தோம். கேபிளைக் கழியிலிருந்து நேராக இறக்காமல் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டோம். வழிகிற நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கருவி வரைக்கும் வராது. மீண்டும் 1.3.

பத்தரைக்கு ரோந்து வந்த கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக் காவலர் டார்ச் அடித்துப் பார்த்தார். கடற்கரையில் இரவில் இரண்டு பேர் கம்பி கட்டி வெளிநாட்டு மொழி கேட்டுக்கொண்டிருந்தால் அவர் வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உரிமத்தின் நகலைக் காட்டினோம். புகைப்படம் எடுத்துக்கொண்டார். பிறகு, மோர்ஸில் தன் பெயர் எப்படி ஒலிக்கும் என்று கேட்டார். அண்ணன் அடித்துக் காட்டினார். மூன்று முறை.

சனி – சாமியார்பேட்டை

சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனோம். சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் மணல், அதற்கப்புறம் அலை. பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை. ரிசீவரைப் போட்டதும் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார், வேலை செய்கிறதா என்று. அவ்வளவு நிசப்தம்.

இன்றைக்குக் கிடைமட்டக் கம்பி வேண்டாம், செங்குத்து ஆண்டெனா என்று முடிவு. 21 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 15 மீட்டருக்கு, கால் அலை நீளம் மூன்றரை மீட்டருக்கும் குறைவு; மடக்குக் கம்பத்தை முழுதாக நீட்டக்கூட வேண்டியதில்லை. அலை தொட்டுவிட்டுப் போகும் கோட்டுக்குச் சில அடி மேலே நட்டோம். செங்குத்து ஆண்டெனாவின் வலிமை அதன் காலடி நிலத்தில்தான் இருக்கிறது. கடல்நீரின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவு. நல்ல வயல் மண்ணுக்கே அது ஒரு சீமென்ஸில் நூறில் சில பங்குதான். தரையில் பட்டு வீணாகிப்போகும் தாழ்கோண அலை, கடல்மேல் ஏறக்குறைய இழப்பில்லாமல் அடிவானத்தை ஒட்டிப் புறப்படும். தூரத்து நாடுகளுக்கு வேண்டியது அந்தக் கோணம்தான். மொட்டைமாடியில் நூறு வாட்டுக்குச் செலவு செய்கிறவர்கள் ஒருநாள் பத்து வாட்டோடு அலை ஓரத்துக்கு வந்து பார்க்கலாம். அண்ணன் இந்த வரியை இன்னும் கடுமையாக எழுதச் சொன்னார்.

சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தில் இருப்பதால் பகலில் 15 மீட்டரும் 10 மீட்டரும் நன்றாகத் திறந்திருக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்கு ஃபின்லாந்து கேட்டது. சுமார் 7,000 கி.மீ. உறைந்த ஏரி ஒன்றின் கரையில், மரங்களுக்கு நடுவே கம்பி கட்டி இயக்கிக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசியில் வட அமெரிக்காவில் குளிர்காலக் கள நாள் என்று ஒரு நிகழ்வு நடக்கும். வீட்டை விட்டு வெளியே, மின்வாரியத்தை நம்பாமல் இயக்கினால் கூடுதல் மதிப்பெண். அதில் வரும் நிலையங்களைப் பிடிக்கத் தயார்செய்கிறாராம். அங்கே மைனஸ் 17. இங்கே 28 என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பேட்டரியைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டியிருப்பதாகச் சொன்னார். திரைக்காட்சி மந்தமாக நகர்கிறதாம். திரவப் படிகம் குளிரில் அப்படித்தான். காலையில் பனி தூவியபோது ரிசீவரில் பொரியும் சத்தம் வந்ததாம். காய்ந்த பனித்துகள் ஒவ்வொன்றும் ஒரு துளி மின்னூட்டத்தைக் கம்பியில் இறக்கிவிட்டுப் போவதால் வரும் இரைச்சல் அது. அதைக் கேட்டுப் பார்க்க எனக்கு ஆசை. அங்கே உங்களுக்கு என்ன தொல்லை என்று கேட்டார். ஈரம் என்றேன். அவர் ஊரில் குளிர்காலக் காற்று எலும்புபோல் காய்ந்து கிடக்கும். இணைப்பிக்குள் நீர் என்பதைக் கோடையில் மட்டும் பார்ப்பாராம். கவிழ்த்த பாட்டில் யோசனையைக் குறித்துக்கொண்டார்.

டீக்கடை அக்கா வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்: "புயல் வந்து டவர் எல்லாம் விழுந்தால் இதில் பேச முடியுமா தம்பி?"

இந்தக் கரையில் அந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த மீனவ ஊர்களையெல்லாம் கடல் வாரியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஃபெஞ்சல் புயல். முடியும் அக்கா என்று சொல்லி, போர்ட் பிளேர் கதையைச் சொன்னேன். சுனாமிக்குச் சில வாரம் முன்பு பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்குப் போயிருந்தது. போன நோக்கம், பல ஆண்டுகளாக ஹாம் அலையில் கேட்காமலிருந்த அந்தத் தீவுகளிலிருந்து உலகம் முழுக்கத் தொடர்பு எடுப்பது. எங்கள் பொழுதுபோக்கில் அது பெரிய திருவிழா. அன்று காலை நிலம் குலுங்கி, கடல் ஏறி, தொலைபேசி அறுந்தபோது அவர்கள் திருவிழாவை விட்டுவிட்டு அதே கருவிகளில் பெருநிலத்துக்குச் சேதி அனுப்பத் தொடங்கினார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று இங்கே தவித்த குடும்பங்களுக்கு அந்த வழியாகப் பதில் போனது.

அக்காவின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. "அப்படியென்றால் படகில் ஒன்று வைத்துக்கொடுக்கலாமே?" ஹாம் அலைவரிசையில் உரிமம் இல்லாதவர் பேசக் கூடாது, தொழிலுக்குப் பயன்படுத்தவும் கூடாது. படகுகளுக்குத் தனியாகக் கடல்சார் வி.எச்.எஃப். வானொலி உண்டு. அபாய அழைப்புக்கு 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். எல்லா நாட்டுக் கப்பல்களும் கேட்கும் அலைவரிசை அது. வீட்டுக்காரரிடம் அந்தக் கருவி இருக்கிறதாம், பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கிறாராம். அண்ணன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எங்கள் லாக்கில் அந்த அரை மணி காலியாக இருக்கிறது.

ஞாயிறு – புதுச்சேரி

பஸ் ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் ஏறியபோது கரையோரப் புதர்களைப் பார்த்தேன். தலைக்கு மேல் உயரத்தில் வைக்கோலும் துணியும் சிக்கிக் காய்ந்திருக்கின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் எழுதிவிட்டுப் போன அளவு. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழையின் சுவடு நகரத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஊர் கழுவிவிட்டது.

கடற்கரைச் சாலையில் ஆண்டெனா நடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீராம்பட்டினத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஒலிபெருக்கி. இங்குள்ள ஹாம் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில்தான் பகல் போனது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். அவருடைய அலுமினியக் குழாய் ஆண்டெனாவில் செப்புக் கம்பியை நேராகத் திருகி முடுக்கிய இடத்தில் வெண்மையாகப் பூத்துப்போய், தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம் என்றால் அது ஒரு மின்கலம். அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுத்துவிடும். நடுவில் துருப்பிடிக்காத எஃகு வளையம் போட்டு, கிரீஸ் தடவி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியதுதான். கடலோரத்து ஹாம்களுக்கு வாளியும் ஒரு கருவி.

நண்பர் எஃப்.டி.எட்டுப் பிரியர். 2017இல் ஸ்டீவ் ஃபிராங்கியும் ஜோ டெய்லரும் உருவாக்கிய இலக்க முறை அது. டெய்லர் 1993இல் இயற்பியல் நோபல் பெற்றவர். கணினி 15 நொடி அனுப்பும், 15 நொடி கேட்கும், காதுக்கு எட்டாத இரைச்சலுக்கு அடியிலிருந்தும் சேதியை எடுத்துவிடும். நண்பர் எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய கணினி பிரேசிலோடு பேசி முடித்திருந்தது. "சாப்பிட்டது யார், பேசியது யார்?" என்று அண்ணன் கேட்டார். நண்பர் கோபப்படவில்லை, இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றினார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, ஆனால் அதை அங்கே சொல்லவில்லை.

இரவு கடலூருக்கே திரும்பிவிட்டோம். நாளைக் காலைக்குத்தான் இந்தப் பயணமே.

திங்கள், போகி – கேப்பர் மலை

நாலரை மணிக்கு ஆட்டோ. கேப்பர் மலை என்று பெயர்தானே தவிர, செம்மண் மேடு. மத்திய சிறை இருப்பது இங்கேதான். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே காலெடுத்து வைத்த பாரதியாரைப் பிடித்து, டிசம்பர் நடுப்பகுதி வரை கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அந்தச் சுவரருகே இன்றைக்கு வானொலிக் கருவியோடு நிற்பது யாருக்கும் நல்லதல்ல. முறைப்படி முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, நன்றாகத் தள்ளி, முந்திரித் தோப்பு ஓரத்தில் இடம் பார்த்துவைத்திருந்தோம். மேற்கே முழுநிலவு. சிதம்பரத்தில் இன்று ஆருத்ரா தரிசனம். கீழே சாலையில் அந்தத் திசையில் வேன்கள் போய்க்கொண்டே இருந்தன.

கருவி சிறியது. ஐந்து வாட் கையடக்கக் கருவி, இரும்பு அளவு நாடாவை வெட்டிச் செய்த மூன்று உறுப்பு யாகி ஆண்டெனா, திருப்பிய திசையில் மட்டும் வலுவாக அனுப்பும் வகை. 145 மெகாஹெர்ட்ஸ், அதாவது இரண்டு மீட்டர். இந்த அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பாது, நேர்கோட்டில்தான் போகும். இந்த மேட்டிலிருந்து சாதாரணமாக 30, 40 கி.மீ. போனால் அதிகம்.

சாதாரணமாக, என்கிறேன். ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்தபோது ஊரில் போகி கொளுத்தத் தொடங்கியிருந்தார்கள். பழைய பாய், கிழிந்த கூடை, யாரோ ஒரு புண்ணியவான் டயர். தெருவுக்கு ஒரு புகைத்தூண் எழுந்தது. நேராக எழுந்தது, ஒரு குறிப்பிட்ட உயரம் வரை. அங்கே கண்ணாடித் தட்டில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் படரத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு சாம்பல் நிறத் தளம். நாங்கள் தேடிவந்தது அதைத்தான்.

வழக்கமாக உயரே போகப் போகக் காற்று குளிரும், கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி அளவு. மார்கழியின் தெளிந்த, காற்று அடங்கிய இரவில் தரை வெப்பத்தை இழந்து, ஒட்டியிருக்கும் காற்றையும் குளிரவைத்துவிடும். மேலே அதைவிட வெதுவெதுப்பான, உலர்ந்த காற்று மூடியாக உட்காரும். வெப்பத் தலைகீழ் மாற்றம். புகை அதைத் தாண்டாது. வானொலி அலையும் அங்கே கீழ்நோக்கி வளையும். குளிர்ந்து ஈரமான அடிக்காற்றுக்கும் உலர்ந்த மேல்காற்றுக்கும் வேறுபாடு போதுமான அளவு கூர்மையாக இருந்தால், அலை பூமியின் வளைவையே பின்தொடர்ந்து ஒரு குழாய்க்குள் போவதுபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். வெள்ளிக்கிழமை எங்கள் இணைப்பியை நனைத்த அதே தெளிந்த வானமும் அதே ஈரமும்தான் இதையும் செய்கின்றன.

முதலில் சாதாரண பண்பலை ரேடியோவைத் திருகினேன். உள்ளூர் நிலையங்களுக்கு நடுவில் இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டு வளர்ந்த இலங்கை வானொலி வேறு கணக்கு. மத்திய அலை கடல்மேல் தரையலையாகவே நெடுந்தூரம் வரும், சிற்றலைக்கு அயனி மண்டலம் இருக்கிறது. பண்பலைக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது. அது இங்கே கேட்கிறது என்றால் குழாய் திறந்துவிட்டது.

யாகியைத் தெற்கே திருப்பினேன். அழைத்தேன். மூன்றாம் அழைப்புக்குள் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். ஃபோர் எஸ் செவன் என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறி. யாழ்ப்பாணம். நேர்க்கோட்டில் 230 கி.மீ. அவரும் ஐந்து வாட்தான், வீட்டுக் கூரைமேல் ஒரு சிறு ஆண்டெனா. முதல் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் போனது. பிறகு அவர், "நீங்கள் தமிழ்தானே?" என்றார். அதற்கப்புறம் ஆங்கிலம் தேவைப்படவில்லை. அங்கேயும் பனி மூட்டமாம், முற்றத்துத் தென்னை தெரியவில்லையாம். கடலூரில் என்ன புகை, கேட்கிற குரல்களில் எல்லாம் இருமல் இருக்கிறதே என்றார். போகி கொளுத்துவதை விளக்கினோம். அங்கே அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லையாம்; நாளைப் பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போட்டு அடுப்பு மூட்டுவதைச் சொன்னார். அண்ணன் கருவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாயால். பேசியது அவர்தான், இருபது நிமிடம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வடக்கே திருப்பியதில் சென்னை உள்ளூர்போல் கேட்டது, 160 கி.மீ. அளவு. அதையும் தாண்டி தெலுங்கு கலந்த பலவீனமான குரல் ஒன்று இரண்டு முறை எழுந்து அமிழ்ந்தது. அழைப்புக் குறி பிடிபடவில்லை, லாக்கில் ஏற்றவில்லை.

ஆறரைக்குப் பிறகு சூரியன் ஏறியது. எட்டு மணிக்குள் தரை சூடாகி, புகைத்தளம் அங்கங்கே கிழிந்து மேலே கலையத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குரலில் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. எழுபத்து மூன்று, அதாவது ஹாம்களின் விடைபெறும் வாழ்த்து, சொல்லி முடித்துக்கொண்டோம். நாங்கள் முடிக்காவிட்டாலும் சூரியன் முடித்திருக்கும்.

பத்து மணிக்கு பஸ் நிலையத்தில் அண்ணன் சிதம்பரம் வண்டியில் ஏறினார். கூட்டத்தில் தரிசனம் கிடைக்குமா என்ற கவலையெல்லாம் அவருக்கு இல்லை. ஜன்னல் வழியாக, "இரவு எட்டு மணிக்கு 40 மீட்டரில் கூப்பிடுகிறேன். மோர்ஸ்தான், பேச மாட்டேன்" என்றார். காலையில் இருபது நிமிடம் பேசியதைச் சரிக்கட்டுகிறார். அந்த நேரத்தில் 40 மீட்டர் சிதம்பரம் அளவுக்குப் பக்கத்தில் இறங்காது, தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும் என்று சொன்னேன்.

"அப்படியென்றால் எண்பது" என்றார். வண்டி நகர்ந்துவிட்டது.

எண்பது மீட்டருக்கு 40 மீட்டர் நீளக் கம்பி வேண்டும். என்னிடம் இருப்பது அதில் பாதி. மின்சாமான் கடைகள் போகி அன்று மத்தியானத்துக்கு மேல் திறந்திருக்குமா என்று விடுதி வரவேற்பில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.